ஊசி நூல் இல்லாமல் பிளீஸ் போர்வை: துணி வாங்குவதிலிருந்து துவைப்பது வரை

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்). ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அசையாமல் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். மையத்தில் ஏர்கோன் குளிர், அதோடு உடம்பின் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதால் வரும் குளிர். "காலு ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்குடி" என்று அம்மா சொன்ன அன்றுதான் ஒரு நல்ல போர்வை தேட ஆரம்பித்தேன். கடையில் கிடைத்தவை ஒன்று கட்டிலுக்கான பெரிய அளவாக இருந்தன, இல்லாவிட்டால் இரண்டு துவைப்பிலேயே மெலிந்து போயின. வீட்டில் தையல் மெஷின் இல்லை, எனக்குத் தைக்கவும் வராது.

பிளீஸ் என்ற பஞ்சு போன்ற துணிக்குத் தையல் தேவையில்லை, இரண்டு அடுக்கின் ஓரத்தைக் கீற்றாக வெட்டி முடிச்சுப் போட்டால் போதும் என்று தெரிந்ததும் வேலை எளிது என்று நினைத்தேன். ஆனால் முதல் துணி தவறான துணி. இரண்டாவதைத் தவறாக வெட்டினேன். மூன்றாவதுதான் போர்வையானது. நான் செலவழித்த பணமும் மூன்று வார இறுதிகளும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், துணி வாங்கும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. யாருக்கு, எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். அளவு, நிறம், ஓரம் எல்லாமே இதைப் பொறுத்ததுதான்.

நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு 1 மீட்டருக்கு 1.5 மீட்டர் போதும். இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும், தரையில் புரளாது. சோபாவில் படுத்துத் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர். கட்டிலில் படுக்கும் பெரியவருக்கோ, விடுதிக்குப் போகும் பிள்ளைக்கோ 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் வேண்டும். குளிரான கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ அடிக்கடி போகும் குடும்பம் என்றாலும் இதே அளவுதான்.

ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு என்றால் முதலில் அங்குள்ள தாதியிடம் கேளுங்கள். சில மையங்களில் வீட்டுப் போர்வைக்கு விதி இருக்கலாம். கேட்காமல் செய்து எடுத்துப்போய்த் திருப்பி அனுப்பினால் மனசு கஷ்டப்படும். அவர்கள் சரி என்றாலும் ஒன்றை மறக்கவே கூடாது. ஊசி குத்தியிருக்கும் கையும் குழாய் இணைப்பும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் உடனே கண்ணில் பட வேண்டும் அல்லவா? அதனால் தோள்வரை மூடும் பெரிய போர்வை அங்கே ஆபத்து. இடுப்புக்குக் கீழே மூடுவதுதான் சரி. நிறமும் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். அழுக்குத் தெரியாது என்று நான் முதலில் வாங்கியது கருநீலம். கருநீலத்தில் ரத்தக் கறையும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கைக்குழந்தைக்குச் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் வைக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. ஓரத்தில் முடிச்சுப் போட்ட குஞ்சம் வாய்க்குள்ளும் போகும். குழந்தை கொஞ்சம் வளரட்டும்.

2. சரியான துணியை அடையாளம் காணுங்கள்

நான் அதிகமாக ஏமாந்தது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பிளீஸ் என்பது பாலியெஸ்டர் இழையில் பின்னி, மேற்பரப்பைச் சீவிப் பஞ்சு போலாக்கிய துணி. நெய்த துணியில் ஓரத்தை வெட்டினால் நூல் பிரிந்து கொண்டே வரும். பிளீஸில் வராது. தைக்காமலும் மடிக்காமலும் விட முடிவதற்கு அந்த ஒரு குணம்தான் காரணம். அது இல்லாத துணியில் இந்த வேலையே நடக்காது.

துணிக்கடையில் மலாயில் 'காயின் புலு' என்று கேட்டால் பஞ்சாக இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். பொம்மை செய்யும் ரோமத் துணியும் அதில் வரும், பிளானலும் வரும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அந்தப் பெயரே அப்படிப் பொதுவானது. பருத்தி பிளானல் தொட்டால் பிளீஸ் போலவே மெத்தென்று இருக்கும். நான் முதலில் வாங்கியது அதுதான். வெட்டிய ஓரமெல்லாம் நூல் நூலாக வந்தது. ரோமத் துணியில் நூல் பிரியாவிட்டாலும், வெட்டிய இடமெல்லாம் ரோமம் உதிர்ந்து தரையில் பறக்கும். நோயாளிக்கு வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் வரக் கூடாது. அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள், கொஞ்சமாவது நீள வேண்டும். நீளவே இல்லையென்றால் அது நெய்த துணி. கடைசியாக, ஓர் இடத்தை விரலால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டால் இரண்டு மாதத்தில் போர்வை முழுக்க அப்படித்தான் ஆகும். உருண்டை பிடிக்காத ரகத்தை 'ஆன்டி பில்' என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் அடிக்கடி துவைக்கிற போர்வைக்கு அதுதான் நிற்கும்.

தடிமனை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள், இணையத்தில் 'ஜிஎஸ்எம்' என்று போட்டிருக்கும். இரண்டு அடுக்குப் போர்வைக்கு 200 முதல் 250 வரை சரியாக இருக்கும். 250 கிராம் துணியில் நாற்காலிப் போர்வை ஏறக்குறைய 750 கிராம் வரும். கட்டில் அளவு என்றால் ஒன்றரைக் கிலோ. வயதானவர்களின் முட்டிக்கு அந்தக் கனம் தொந்தரவாக இருந்தால் ஓர் அடுக்கே போதும்.

3. எங்கே, எப்போது வாங்குவது

மஸ்ஜித் இந்தியாவும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் துணிக்குப் பேர்போன இடங்கள். பண்டாராயா நிலையத்திலோ மஸ்ஜித் ஜாமேக் நிலையத்திலோ இறங்கினால் நடந்தே போய்விடலாம். செந்தூலில் இருப்பவர்களுக்கு ரயில் மாறவும் வேண்டாம். ஆனால் எல்லாத் துணிக்கடையிலும் பிளீஸ் இருக்காது. நம் நாட்டு வெயிலுக்கு அதைக் கேட்பவர்கள் குறைவு. சேலை, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) துணி விற்கிற கடைகளை விட்டுவிட்டு, திரைச்சீலை, மெத்தை உறை, கைவினைத் துணி விற்கிற கடைகளில் கேளுங்கள். முடிந்தால் முதலில் போன் செய்து, இருக்கிறதா, அகலம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வார நாளில் காலை 11 மணிக்குப் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கூட்டம் இருக்கும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் போகவே போகாதீர்கள். துணியை விரித்துக் காட்டக்கூட கடைக்காரருக்கு நேரம் இருக்காது, நீங்களும் சோதித்துப் பார்க்க முடியாது.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. சில கடைகளில் மீட்டர் கணக்கு, சில கடைகளில் 'ஏலா' கணக்கு. ஏலா என்பது நம் கஜம்தான், 91 சென்டிமீட்டர் சொச்சம். ஒன்றரை மீட்டர் என்று நினைத்து ஒன்றரை ஏலா வாங்கினால் 137 சென்டிமீட்டர்தான் கையில் இருக்கும். விலையைக் கேட்கும்போதே எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் வாங்கினால் பொறி வேறு. பல விற்பனையாளர்கள் 1 என்ற எண்ணிக்கைக்கு அரை மீட்டர்தான் வைத்திருப்பார்கள். 2 மீட்டர் வேண்டுமென்றால் 4 என்று போட வேண்டும். அந்த நான்கும் ஒரே துண்டாக வருமா என்று முதலிலேயே செய்தி அனுப்பிக் கேளுங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு துண்டாக வந்தது. நான் கேட்காமல் விட்டதால் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

ரசீது விஷயம் சின்னதுதான், ஆனாலும் கவனியுங்கள். வெட்டிய துணியைப் பொதுவாக எந்தக் கடையும் திரும்ப வாங்காது. பணம் கொடுப்பதற்கு முன்னால் துணியை முழுசாக விரித்துக் கறை, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் துணியின் பெயர், நிற எண், மீட்டர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். இன்னொரு போர்வை செய்யும்போது அதே துணியைக் கேட்டு வாங்க அந்தத் துண்டுச்சீட்டுதான் உதவும். இணையத்தில் வாங்கியதற்கு, பொருளின் விவரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் காணொளி எடுத்துவிடுங்கள். புகார் செய்ய நேர்ந்தால் அந்தக் காணொளியைத்தான் முதலில் கேட்பார்கள்.

4. செலவு

பிளீஸ் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலத்தில் வரும். அதனால் நாற்காலிப் போர்வைக்கு ஒரு நிறத்தில் 1 மீட்டர், இன்னொரு நிறத்தில் 1 மீட்டர் வாங்கினால் போதும். நான் வாங்கியபோது மீட்டர் 16 வெள்ளி (ரிங்கிட்), ஆக 32 வெள்ளி. கட்டில் அளவுக்கு நிறத்துக்கு 2 மீட்டர் வேண்டும், அதே விலையில் 64 வெள்ளி. கடைக்குக் கடை விலை மாறும், இதை ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளில் பணம் போட வேண்டியது கத்தரிக்கோலுக்கு மட்டும்தான். காகிதம் வெட்டிய மொண்ணைக் கத்தரிக்கோலால் இரண்டு அடுக்கு பிளீஸை வெட்டினால் ஓரம் பல் பல்லாக வரும், விரலும் கொப்பளிக்கும். நல்ல துணிக் கத்தரிக்கோல் 25, 30 வெள்ளிக்குக் கிடைத்தது. மற்றபடி அளவு நாடா, காகித ஒட்டுநாடா, பத்துப் பன்னிரண்டு குண்டூசி. ஒட்டுநாடாவை மிஸ்டர் டிஐஒய் மாதிரிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய கடைகளில் விற்கிற மலிவான பிளீஸ் போர்வைகள் இரண்டை வாங்கி, ஓரத் தையலை வெட்டிவிட்டு ஒன்றாக முடிச்சுப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். செய்தும் பார்த்தேன். துணி மெல்லிசு, முடிச்சு நிற்கிறது, கதகதப்புதான் போதவில்லை. பிள்ளைகள் கைப்பழக்கத்துக்குச் செய்து பார்க்க அது நல்ல வழி.

5. விரித்து, ஒழுங்குபடுத்தி வெட்டுங்கள்

தரையை முதலில் துடைத்து உலர விடுங்கள். பிளீஸ் தூசியையும் தலைமுடியையும் காந்தம் போல இழுத்துக்கொள்ளும்.

துணிக்கு நல்ல பக்கம், பின்பக்கம் உண்டு. வெற்றுத் துணியில் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், கடையில் வெட்டிய ஓரத்தைப் பிடித்து அகலவாக்கில் இழுங்கள். ஓரம் எந்தப் பக்கம் சுருள்கிறதோ அது பின்பக்கம். இரண்டு துணியின் பின்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்குங்கள். நீளும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று நீளவாக்கிலும் மற்றது அகலவாக்கிலும் இருந்தால் முடித்த பிறகு போர்வை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் கரையை வெட்டுங்கள். துணியின் இரு பக்கமும் கெட்டியாக, சில சமயம் அச்செழுத்தோடு, ஒரு பட்டை இருக்கும். அதை அப்படியே விட்டால் அந்தப் பக்கத்து முடிச்சுகள் மட்டும் விறைப்பாக நிற்கும். கரையை எடுத்த பிறகு இரண்டு துணியையும் ஒரே அளவாக்கிக் குண்டூசி குத்துங்கள். எத்தனை குண்டூசி குத்தினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். கடைசியில் அத்தனையும் திரும்ப டப்பாவுக்குள் வந்தாக வேண்டும். நோயாளியின் காலில் ஒரு குண்டூசி குத்தக் கூடாது.

இப்போது நான்கு மூலையிலும் ஒரு சதுரம் வெட்டி எடுங்கள், 10 சென்டிமீட்டருக்கு 10. இதைச் செய்யாமல் நான் நேராகக் கீற்று வெட்டத் தொடங்கினேன். இரண்டு பக்கத்துக் கீற்றுகளும் மூலையில் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு விழுந்தன. இரண்டாவது துணி அப்படித்தான் வீணானது.

மூலை எடுத்த பிறகு, ஓரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே காகித ஒட்டுநாடாவை நேர்கோடாக நான்கு பக்கமும் ஒட்டுங்கள். அதுதான் எல்லை, கத்தரி அதைத் தாண்டக் கூடாது. ஓரத்திலிருந்து நாடா வரைக்கும் 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கீற்றுக் கீற்றாக வெட்டிக்கொண்டே போங்கள். நாடாவின் மேல் 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டாம். நாற்காலிப் போர்வைக்குச் சுமார் 170 கீற்று வரும், கட்டில் அளவுக்குச் சுமார் 250.

மூலைச் சதுரமும் கீற்றும் சேர்ந்து எல்லாப் பக்கத்திலும் 10 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். ஒரு மீட்டர் துணியில் உடம்பை மூடுகிற பகுதி 80 சென்டிமீட்டர்தான். கட்டில் போர்வை உயரமானவருக்கு என்றால் கடையிலேயே 20 சென்டிமீட்டர் கூட்டி வாங்குங்கள்.

6. முடிச்சா, பின்னலா?

முடிச்சு எளிது. மேல் அடுக்குக் கீற்றையும் அதன் நேர் கீழே உள்ள கீற்றையும் சேர்த்து இரண்டு முறை முடியுங்கள். நான்கு பக்கத்தையும் இப்படியே முடித்தால் போர்வை தயார். முடிச்சை இறுக்கி இழுக்கக் கூடாது, இழுத்தால் ஓரமெல்லாம் சுருங்கிப் போர்வை கிண்ணம் மாதிரிக் குழியும். இரண்டாவது முடிச்சு முதல் முடிச்சின் மேல் தட்டையாக உட்கார்ந்தால் போதும். வரிசையாகப் போகாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஒன்று முடிந்துகொண்டால் அடுக்கு நகராது.

ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் குஞ்சம் ஆகாது. தொங்குகிற கீற்று சக்கரத்தில் மாட்டும். அம்மாவை மையத்தின் வாசலிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போன முதல் நாளே ஒரு கீற்று சிக்கியது. அன்று ராத்திரியே இன்னொரு முறையைத் தேடிக் கற்றுக்கொண்டேன். பார்க்கவும் இதுதான் அழகு என்பது என் எண்ணம்.

இதற்கு மூலைச் சதுரம் 6 சென்டிமீட்டர் போதும், கீற்றின் நீளமும் 6. அகலம் அதே 2.5. ஒவ்வொரு கீற்றின் நடுவிலும், இரண்டு அடுக்கையும் சேர்த்து மடித்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சின்னக் கீறல் போடுங்கள். இப்போது முதல் கீற்றின் கீறல் வழியாக இரண்டாவது கீற்றை இழுங்கள். இரண்டாவதின் கீறல் வழியாக மூன்றாவதை இழுங்கள். பூ தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், ஓரத்தில் சடை பின்னியது போலப் படிந்துவிடும். குரோஷா ஊசி இருந்தால் இழுக்கச் சுலபம். மூலையில் நிறுத்தாமல் அப்படியே திரும்புங்கள். கடைசிக் கீற்றை நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து, முதல் கீற்றின் அடியில் நுழைத்து இரண்டு முடிச்சுப் போட்டால் பிரியாது. எதுவும் தொங்காது, எதிலும் மாட்டாது. ஓர் அடுக்குப் போர்வைக்கும் இந்த முறைதான்.

கீறல் பெரிதாகிவிடக் கூடாது. 1.5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் இழுக்கும்போது கீற்றே கிழியும். முதலில் வெட்டியெடுத்த மூலைத் துண்டில் நான்கைந்து பின்னிப் பாருங்கள்.

7. எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள், விரல் வலிக்கும். விரித்துச் சமமாக்க முக்கால் மணி, வெட்ட ஒரு மணி, நாற்காலிப் போர்வைக்கு முடிச்சுப் போட ஒன்றரை மணி. பின்னல் முறைக்கு முதல் தடவை இரண்டரை மணி ஆனது. நான் வெள்ளி இரவு வெட்டி வைத்துவிட்டு, ஞாயிறு காலை பின்னினேன். வெட்டுவதை ஒருவரே செய்யட்டும், அளவு மாறாது. முடிச்சுப் போடுவதற்கு எட்டு வயதுப் பிள்ளையையும் உட்கார வைக்கலாம்.

ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே துணியை வாங்கிவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் மூன்று வாரம், தவறான துணி வந்து மாற்ற வேண்டியிருந்தால் அந்த அவகாசம் கைகொடுக்கும்.

8. துவைப்பதும் உலர்த்துவதும்

பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறை தனியாகத் துவைத்துவிடுங்கள், வெட்டிய ஓரத்துப் பஞ்செல்லாம் போய்விடும். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சமாக சோப்பு. துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம், அது பஞ்சைப் படிய வைத்துவிடும். ரத்தக் கறை பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்.

பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் குடிக்காது. வெயில் இருந்தால் காலையில் போட்டது மதியத்துக்குள் உலர்ந்துவிடும். மழை நாளில் டோபிக்கு, அதாவது சலவைக் கடைக்கு, கொண்டுபோனால் உலர்த்தியில் குறைந்த சூட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை அதிகச் சூட்டில் போட்டேன், ஓரமெல்லாம் கரடுமுரடாகி முன்பிருந்த மென்மை திரும்பவே இல்லை. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு இவற்றுக்கும் எட்ட இருக்கட்டும். இந்தத் துணி உருகித் தோலில் ஒட்டும்.

மையத்துக்குக் கொண்டுபோகிற போர்வையை ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்க வேண்டும், அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. மூலையில் ஒரு ரிப்பன் துண்டை முடிந்து, அழியாத மையில் பெயர் எழுதிவிடுங்கள். அப்படி ஒரே ஒரு போர்வையை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. துணி வாங்கும்போதே இரண்டு போர்வைக்கு வாங்கிவிடுங்கள். அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. செவ்வாய்க்கிழமைப் போர்வை புதன்கிழமை கொடியில் காயும்போது, வியாழக்கிழமைக்கானது ஏற்கனவே மடித்துப் பைக்குள் இருக்கும்.